வீட்டு வாசலில் காரை ஜாக்கி போட்டுத் தூக்கி பிரேக் வேலை பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் யார் வண்டியின் பிரேக் கிரீச் என்று கத்தினாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். நான் மெக்கானிக் இல்லை. பன்னிரண்டு வருடமாக என் வண்டிக்கும் மச்சான் வண்டிக்கும் பேட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை நெருக்கிப் பிடிக்கும் பட்டை) மாற்றுவது, டிரம் (பின் பிரேக்கை மூடியிருக்கும் கிண்ணம் மாதிரி இரும்பு உறை) கழற்றிச் சுத்தம் செய்வது என்று வாசலிலேயே பார்த்துக்கொள்கிறவன், அவ்வளவுதான். வருகிறவர்கள் எந்த பேட் நல்லது, என்ன விலை என்றுதான் ஆரம்பிப்பார்கள். பேட் மாற்றுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, இரண்டு போல்ட் சமாச்சாரம். அதற்கு முன்னால் வண்டியைத் தூக்கி, தூக்கிய இடத்தில் அசையாமல் நிறுத்துவது இருக்கிறதே, அதில்தான் ஆள் ஆளுக்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள், பாதி பழக்கம் கையை ஒடிக்கிற பழக்கம். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதி வைத்திருக்கிறேன்.

டிக்கியில இருக்கிற கம்பெனி ஜாக்கியே போதாதா? அதை வெச்சுத்தானே பஞ்சர் ஆனா டயர் மாத்துறோம்?

டயர் மாற்றப் போதும், பிரேக் வேலைக்குப் போதாது. டயர் மாற்றும்போது வண்டி தூக்கி நிற்பது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்திலும் நீங்கள் வண்டியை எந்தப் பக்கமும் பலமாக இழுப்பதில்லை. பிரேக் வேலையில் காலிப்பர் (பேட்டைப் பிடித்திருக்கும் கவ்வி) போல்ட் துருப்பிடித்து உட்கார்ந்திருக்கும், ஸ்பேனரில் குழாய் மாட்டித் தொங்க வேண்டியிருக்கும். டிரம் ஒட்டிக்கொண்டால் சுத்தியலால் தட்ட வேண்டியிருக்கும். அந்த இழுப்பும் அடியும் பக்கவாட்டில் போகும். கம்பெனி ஜாக்கியின் அடித்தட்டோ உள்ளங்கை அகலம்தான். நேர் மேலிருந்து வரும் எடையைத் தாங்கும், பக்கவாட்டில் ஆட்டினால் மடங்கிவிடும். வண்டியோடு வரும் கையேட்டிலேயே இதை டயர் மாற்ற மட்டும் பயன்படுத்துங்கள் என்று எழுதியிருப்பார்கள், யார் படிக்கிறார்கள்!

நானும் படிக்கவில்லை. முதல் தடவை பழைய வேகன் ஆரின் பின் டிரம்மைக் கழற்ற இதே கம்பெனி ஜாக்கியில் தூக்கி, முன் டயருக்கு ஒரு அரைச் செங்கல் மட்டும் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். டிரம் வரவில்லை. மூன்றாவது அடியில் ஜாக்கி மெதுவாகச் சாய்வது தெரிந்தது, கையை இழுத்துக்கொள்ள மட்டும் நேரம் இருந்தது. டிரம் விளிம்பு போர்ட்டிகோ டைல்ஸில் இறங்கி அரை நிலா மாதிரி ஒரு வெட்டு போட்டது. அந்த டைல்ஸை இன்னும் மாற்றவில்லை.

அப்போ எந்த ஜாக்கி வாங்கலாம், எத்தனை டன்?

ஆல்டோ, ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி வண்டிகளுக்கு 2 டன் ட்ராலி ஜாக்கி (சக்கரம் வைத்து உருட்டித் தள்ளுகிற ஆயில் ஜாக்கி) தாராளம். ஸ்விஃப்ட் மொத்தமே ஏறக்குறைய 900 கிலோ, ஒரு மூலையைத் தூக்கும்போது அதில் ஒரு பகுதிதான் ஜாக்கிமேல் ஏறும். பெரிய எஸ்யூவி, இன்னோவா என்றால் 3 டன் வாங்கிக்கொள்ளுங்கள். டன் கணக்கைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது உயரம். முழுக்க இறக்கினால் எவ்வளவு, முழுக்க ஏற்றினால் எவ்வளவு என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். மலிவான சின்ன ட்ராலி ஜாக்கிகள் 33 செ.மீ. அளவோடு நின்றுவிடும். உயரமான வண்டியை அதில் தூக்கினால் டயர் தரையை விட்டு எழும்பவே எழும்பாது, உடனே நம் ஆட்கள் ஜாக்கிக்கு அடியில் கட்டை அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அது வேண்டாம்.

பாட்டில் மாதிரி நிமிர்ந்து நிற்கும் பாட்டில் ஜாக்கி பொலேரோ, ஸ்கார்ப்பியோ மாதிரி அடியில் தனி சேஸிஸ் (இரும்புச் சட்டம்) உள்ள வண்டிகளுக்குச் சரி. சின்னக் காருக்கு அதன் தலை ரொம்பச் சின்னது, தகட்டு விளிம்பில் நிற்காமல் வழுக்கும். உயரமும் இடிக்கும், அடியில் நுழையாது.

ஆயில் ஜாக்கி கல்லு மாதிரி நிக்குதே, ஸ்டாண்டு வேற எதுக்கு தண்டச் செலவு?

ஆயில் ஜாக்கிக்குள் வண்டியைத் தாங்கி நிற்பது எண்ணெய். அந்த எண்ணெயைத் தடுத்து வைத்திருப்பது ஒரு சின்ன ரப்பர் சீலும் ஒரு வால்வும். சீல் தேய்ந்தால், வால்வில் ஒரு தூசி மாட்டினால் வண்டி இறங்கும். சில நேரம் கண்ணுக்கே தெரியாமல் அரை மணி நேரத்தில் ஒரு அங்குலம் இறங்கும், சில நேரம் ஒரேயடியாக. ட்ராலி ஜாக்கிக்கு இன்னொரு சிக்கல், அது சக்கரத்தின்மேல் நிற்கிறது. தூக்குவதற்கு அது நல்லது, நிறுத்தி வைப்பதற்குக் கெட்டது.

ஸ்டாண்டில் எண்ணெயும் இல்லை, சக்கரமும் இல்லை. நாலு கால், நடுவில் பல்லு வைத்த கம்பி, அதை ஒரு கொக்கி பிடித்திருக்கும். ஒரு ஜோடி வாங்கினால் ஆயுசுக்கும் வரும். பெட்டியில் 3 டன் என்று போட்டிருந்தால் அது ஒற்றை ஸ்டாண்டுக்கா, ஜோடிக்கா என்று பார்த்து வாங்குங்கள்.

செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கி வெச்சா ஆகாதா? வீடு கட்டுன மிச்சம் நிறைய கிடக்குது.

ஆகாது. சுவரில் இருக்கும்போது செங்கலுக்கு மேலே எடை பரவலாக உட்காரும். காரின் விளிம்பு கத்தி முனை மாதிரி ஒரே கோட்டில் உட்கார்கிறது. செங்கலும் ஹாலோ பிளாக்கும் அப்படிப்பட்ட எடையில் விரிசல் விட்டு எச்சரிக்கவெல்லாம் செய்யாது, படார் என்று பிளந்துவிடும். ஹாலோ பிளாக்கைப் படுக்க வைத்தால் இன்னும் மோசம்.

ஸ்டாண்டுக்கு வழியே இல்லை என்றால் நல்ல கனமான மரக்கட்டைகளை, கிராமத்தில் விறகு அடுக்குவது மாதிரி இரண்டு நேராக, இரண்டு குறுக்காக மாற்றி மாற்றி அடுக்கலாம். மரம் நசுங்கினாலும் முனகிக்கொண்டே மெதுவாக நசுங்கும். அகலமாக அடுக்க வேண்டும், ஒற்றைத் தூண் மாதிரி உயரமாக ஏற்றக் கூடாது.

எங்க வீட்டு வாசல் கொஞ்சம் சாய்வு. அங்கேயே தூக்கலாமா?

கூடாது. இந்தப் பட்டியலிலேயே யோசிக்காமல் பதில் சொல்லக்கூடிய கேள்வி இதுதான். தண்ணீர் ஓட வேண்டும் என்று கொத்தனார் விட்ட வாட்டம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், அல்லது ஒரு கோலிக்குண்டை உருட்டிவிடுங்கள். போர்ட்டிகோவில் மழைநீருக்கு விட்டிருக்கும் லேசான வாட்டம் பரவாயில்லை. கேட்டிலிருந்து தெருவுக்கு இறங்கும் சரிவில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

சாய்வு இல்லாவிட்டாலும் தரை என்ன தரை என்று பார்க்க வேண்டும். ட்ராலி ஜாக்கியின் கை மேலே போகும்போது வட்டமாகத்தான் போகும், நேராகப் போகாது. அதனால் தூக்கத் தூக்க ஜாக்கி தானாகக் கொஞ்சம் வண்டிக்கு அடியில் உருள வேண்டும். மண் தரையில் அதன் சின்ன இரும்புச் சக்கரம் புதைந்து உருளாமல் நின்றால், ஜாக்கியின் தலை வண்டியின் விளிம்பை விட்டு நழுவ ஆரம்பிக்கும். பேவர் பிளாக் இடுக்கிலும் அதே கதைதான். கோடை மதியத்தில் தார் ரோடு இளகி ஸ்டாண்டின் கால் உள்ளே இறங்கும். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, 18 மி.மீ. பிளைவுட் பலகை. ஜாக்கி முழுவதும் நின்று உருளுகிற அளவுக்கு நீளமாக ஒன்று, ஸ்டாண்டு ஒவ்வொன்றுக்கும் ஒன்று. பாலிஷ் போட்ட வழவழ டைல்ஸில் பலகையே வழுக்கும் என்பதால் அங்கே தூக்காமல் சிமெண்ட் தரைக்கு வண்டியைக் கொண்டுபோய்விடுங்கள். ஈரமில்லாத நாளாகப் பாருங்கள்.

ஜாக்கியை எங்க வைக்கணும்? ஒரு தடவை வெச்சு தகடு நசுங்கிடுச்சு.

கதவுகளுக்குக் கீழே வண்டி நீளத்துக்கு ஒரு தகட்டு விளிம்பு ஓடும், குனிந்து விரலால் தடவினால் தெரியும். அதில் முன் டயருக்குக் கொஞ்சம் பின்னால் ஒரு இடம், பின் டயருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு இடம், இரண்டிலும் விளிம்பில் இரண்டு வெட்டுக் குறி இருக்கும். அந்த இரண்டு குறிக்கு நடுவில்தான் உள்ளே கூடுதல் தகடு வைத்துப் பலப்படுத்தியிருக்கிறார்கள். அங்கே வைத்தால் தாங்கும், நாலு விரல்கடை தள்ளி வைத்தால் அப்பளம்.

ட்ராலி ஜாக்கியின் தட்டையான தலையை அந்த விளிம்புக்கு நேராகக் கொடுத்தால் சரியான இடத்திலும் விளிம்பு மடங்கும். நடுவில் பள்ளம் விட்ட ரப்பர் பேட் கடையில் விற்கிறார்கள், விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் போய்விடும். ஐஸ் ஹாக்கி பக்கில் (அந்த ஆட்டத்தில் அடிக்கும் தட்டையான ரப்பர் வட்டு) பள்ளம் வெட்டி வைப்பது வெளிநாட்டு வழக்கம், நமக்கு ஹாக்கி பக்குக்கு எங்கே போவது, ரப்பர் பேடே வாங்கிக்கொள்ளலாம். எஞ்சின் ஆயில் சம்ப் (எண்ணெய்த் தொட்டி), கியர் பாக்ஸ், சைலன்சர் குழாய், ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், கார் தரைத் தகடு, இவற்றில் எதிலும் ஜாக்கி படக்கூடாது.

ஜாக்கி வைக்கிற இடத்துலயேதான் ஸ்டாண்டும் வைக்கணும்னா, ரெண்டையும் ஒரே இடத்துல எப்படி வைக்கிறது?

நல்ல கேள்வி, இது புரியாமல்தான் பலர் ஸ்டாண்டு வாங்கி அட்டைப் பெட்டியோடு மூலையில் போட்டிருக்கிறார்கள். வழி இரண்டு. முன்பக்கம் எஞ்சினைத் தாங்கி, டயரைத் தாங்கும் கீழ்க் கை (லோயர் ஆர்ம்) எல்லாம் வந்து போல்ட்டில் சேரும் ஒரு கனமான குறுக்குச் சட்டம் இருக்கும். கையேட்டில் அதைத் தூக்கும் இடமாகக் காட்டியிருந்தால், ட்ராலி ஜாக்கியை அங்கே கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டை மேலே சொன்ன குறியில் வையுங்கள். இல்லையென்றால் தலைகீழாக, ஜாக்கியைக் குறியில் கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டை அந்தக் குறுக்குச் சட்டத்தில் கீழ்க் கை வந்து சேரும் இடத்துக்கு நேர் அடியில் வைக்கலாம்.

பின்பக்கம் கொஞ்சம் குழப்பம். சின்னக் கார்களில் இரண்டு பின் டயர்களையும் சேர்க்கும் ஒரு குறுக்கு பீம் இருக்கிறது. அதில் ஜாக்கி கொடுக்கலாம் என்று சில கம்பெனிகள் சொல்கின்றன, கூடாது என்று சில கம்பெனிகள் சொல்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் கொடுத்தார் என்று நீங்களும் கொடுக்காதீர்கள், உங்கள் வண்டியின் கையேடு சொல்வதுதான் கணக்கு.

வீல் நட்டை எப்ப லூஸ் பண்றது? தூக்கின பிறகு சக்கரம் சும்மா சுத்துது.

தூக்குவதற்கு முன்னால், டயர் தரையில் இருக்கும்போது. ஒவ்வொரு நட்டையும் கால் சுற்று தளர்த்தினால் போதும், முழுக்கக் கழற்றிவிடாதீர்கள். பஞ்சர் கடையில் ஏர் கன் வைத்து இறுக்கியிருந்தால் ஏறி மிதித்துத்தான் தளர்த்த வேண்டியிருக்கும், அந்த மிதியை ஜாக்கியில் நிற்கும் வண்டிமேல் காட்டினால் என்ன ஆகும் என்று என் டைல்ஸைப் பார்த்தால் தெரியும்.

முடிந்தால் காலிப்பர் போல்ட்டையும் இதே மாதிரி யோசியுங்கள். முன் டயரைத் திருப்பி வைத்தால் சில வண்டிகளில் தூக்காமலேயே போல்ட்டுக்கு ஸ்பேனர் எட்டும். எட்டினால் அப்போதே லேசாக அசைத்துவிடலாம்.

ஹேண்ட் பிரேக் போட்டாச்சு, கியர்லயும் விட்டாச்சு. அப்புறம் எதுக்கு டயருக்குக் கட்டை?

இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஹேண்ட் பிரேக் பொதுவாகப் பின் டயர்களை மட்டும் பிடிக்கும். கியர், முன் சக்கரத்தில் ஓடும் வண்டிகளில் முன் டயர்களை மட்டும் பிடிக்கும். அதுவும் இரண்டு முன் டயரும் தரையில் இருந்தால்தான். ஒரு முன் டயரைத் தூக்கிவிட்டால் கியர் பிடித்தும் பிடிக்காத மாதிரிதான், ஏனென்றால் நடுவில் டிஃபரன்ஷியல் (இரண்டு டயரையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) இருக்கிறது. எஞ்சின் அசையாமல் நின்றாலும், தரையில் இருக்கும் டயர் முன்னால் உருண்டால் மேலே தொங்கும் டயர் பின்னால் சுற்றி அதற்கு வழி விட்டுவிடும். நம்பிக்கை இல்லையென்றால், இரண்டு முன் டயரும் ஸ்டாண்டில் இருக்கும் ஒரு நாளில், கியரில் விட்டு ஒரு டயரைக் கையால் சுற்றிப் பாருங்கள், மறுபக்கத்து டயர் எதிர்த் திசையில் சுற்றும். ஆட்டோமேட்டிக் வண்டியின் பி (பார்க்) நிலைக்கும் இதே கதிதான்.

அதனால் முன் டயர் ஒன்றைத் தூக்கினால் வண்டியை நிஜமாகப் பிடித்திருப்பது பின் டயர் ஹேண்ட் பிரேக் மட்டும்தான். அதன் கேபிள் எவ்வளவு லூஸ் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே, மலையில் நிறுத்திய லாரிக்கு கிளீனர் கட்டை போடுவது மாதிரி, தரையில் இருக்கும் டயருக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை. முன்பக்கம் தூக்கினால் பின் டயருக்கு, பின்பக்கம் தூக்கினால் முன் டயருக்கு. முக்கோணமாக அறுத்த கட்டையாக இருக்க வேண்டும், உருண்டைக் கல்லை வைத்தால் அதுவும் சேர்ந்து உருளும்.

பின் டிரம் கழட்டணும்னா ஹேண்ட் பிரேக்கை இறக்கிடணுமே, அப்போ வண்டியை எது பிடிக்கும்?

ஆமாம், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் உள்ளே இருக்கும் ஷூ (வளைந்த பிரேக் பட்டை) விரிந்து டிரம்மைப் பிடித்திருக்கும், டிரம் வராது. முன் சக்கர ஓட்ட வண்டியில் பின்பக்கம் தூக்கும்போது இரண்டு முன் டயரும் தரையில் இருப்பதால் முதல் கியர் உண்மையிலேயே பிடிக்கும், கூடவே முன் டயர் இரண்டுக்கும் இரு பக்கமும் கட்டை. என் டைல்ஸ் கதையில் நான் ஹேண்ட் பிரேக்கையும் இறக்கி, கியரையும் நியூட்ரலில் விட்டிருந்தேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஈகோ, பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா மாதிரி பின் சக்கரத்தில் ஓடும் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். உங்களுக்கு ஹேண்ட் பிரேக்கும் பின் டயரில், கியரும் பின் டயரில். பின் டயர் இரண்டையும் தூக்கிவிட்டால் முன் டயர்கள் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி சுதந்திரமாக நிற்கும். அப்போது கட்டையைத் தவிர வேறு எதுவும் வண்டியைப் பிடிக்கவில்லை.

டிரம் ஒட்டிக்கொண்டால் சுத்தியலை எடுப்பதற்கு முன் டிரம்மின் முகத்தைத் துடைத்துப் பாருங்கள், பல டிரம்களில் மரை போட்ட இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும். அதற்குப் பொருத்தமான போல்ட் இரண்டைப் போட்டு மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். இது தெரிந்திருந்தால் எனக்கு ஒரு டைல்ஸ் மிச்சம்.

ரெண்டு பக்கமும் ஒண்ணா தூக்கிட்டா வேலை சீக்கிரம் முடியுமே?

முடியும், ஆனால் முதல் தடவை வேண்டாம், ஒவ்வொரு மூலையாகப் பாருங்கள். அதில் இன்னொரு லாபம் உண்டு, ஒரு பக்கம் கழற்றிவிட்டு எந்த ஸ்பிரிங் எங்கே போகும் என்று மறந்துபோனால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

பழகிய பிறகு இரண்டையும் தூக்குவதென்றால், ஒரு பக்கம் தூக்கி ஸ்டாண்டை அதன் குறைந்த உயரத்தில் வைத்துவிட்டு மறுபக்கம் போங்கள். மறுபக்கம் ஏறும்போது முதல் ஸ்டாண்டின் ஒரு கால் லேசாகத் தரையை விட்டுக் கிளம்பியிருக்கலாம், திரும்பி வந்து பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். நாலு டயரையும் ஒரே நேரத்தில் தூக்குவதற்கு வீட்டுப் பிரேக் வேலையில் அவசியமே வராது.

ஸ்டாண்டு சரியா உக்காந்திருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஜாக்கியை மெதுவாக இறக்கி எடையை ஸ்டாண்டுக்குக் கொடுத்த பிறகு, டயரைக் கழற்றுவதற்கு முன்னால், வண்டியின் ஓரத்தில் நின்று பானெட் பக்கம் கை வைத்து நன்றாக ஆட்டுங்கள். பயந்து பயந்து தொடாமல், வேலை பார்க்கும்போது எவ்வளவு இழுப்பீர்களோ அந்த அளவுக்கு ஆட்டுங்கள். விழுவதாக இருந்தால் இப்போதே விழட்டும், டயர் இருக்கிறது, உங்கள் கை உள்ளே இல்லை. ஆடாமல் நின்றால் ஜாக்கியை எடுத்துவிடாமல், பக்கத்தில் விளிம்பைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும்படி விட்டுவிடுங்கள்.

ஸ்டாண்டின் கொக்கி பல்லுக்குள் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், கைப்பிடியைக் கீழே அழுத்திப் பாருங்கள். பாதி உட்கார்ந்த கொக்கி பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும். 2020-இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெய்ட் என்ற கடை இந்தக் கொக்கி விலகிக்கொள்ளும் கோளாறுக்காக 17 லட்சம் அளவில் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. கொக்கியோடு சேர்த்து ஒரு குறுக்குப் பின்னும் சொருகுகிற மாதிரி ஸ்டாண்டு கிடைக்கிறது, கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

கழட்டுன டயரை வண்டிக்கு அடியில தள்ளி வைக்கிறாங்களே, அது எதுக்கு?

டயர் இருக்கும்போது சக்கரத்தின் மையம் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கும். டயரைக் கழற்றிய பிறகு வண்டி விழுந்தால் பிரேக் டிஸ்க்கின்மேல் இறங்கும், சின்னக் காரில் அதன் ஆரம் 12, 13 செ.மீ.தான். அதாவது வழக்கத்தைவிட 17 செ.மீ. கீழே போகும். உங்கள் வண்டிக்கும் தரைக்கும் இடைவெளியே 16, 17 செ.மீ. என்றால் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். படுக்க வைத்த டயர் அந்த இடைவெளியில் இருந்தால் வண்டி அதன்மேல் உட்காரும். காசு இல்லாத காப்பீடு. கதவு விளிம்புக்கு அடியில், ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தள்ளிவிடுங்கள், டிஸ்க்குக்கு அடியில் போட்டால் உங்களுக்கே வேலை செய்ய இடைஞ்சல்.

ஸ்டாண்டு இருக்கே, அடியில படுத்துப் பார்க்கலாமா?

பேட் மாற்றவோ ஷூ மாற்றவோ அடியில் போகத் தேவையே இல்லை, எல்லாம் டயர் இருந்த ஓட்டை வழியாகவே முடியும். ஒரு ஸ்பேனர் உருண்டு உள்ளே போய்விட்டால் தென்னந்துடைப்பத்தால் இழுத்துக்கொள்ளுங்கள். காலை நீட்டி வண்டிக்கு அடியில் விட்டுக்கொண்டு உட்காரும் பழக்கம் எனக்கும் இருந்தது. இப்போது ஒரு முக்காலி போட்டு, கால் இரண்டும் வெளியே இருக்கும்படி பக்கவாட்டில் உட்கார்கிறேன்.

வண்டி மேல இருக்கும்போது பிரேக் பெடலை மிதிச்சா என்ன ஆகும்?

காலிப்பர் கழன்றிருக்கும்போது மிதித்தால் பேட்டைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்துவிடும், டிரம் கழன்றிருக்கும்போது மிதித்தால் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் கொட்டும். அப்புறம் பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும். வீட்டில் வாண்டுகள் இருந்தால் சாவியை எடுத்துக் கதவைப் பூட்டிவிடுங்கள், வண்டி தூக்கி நின்றால் அதில் ஏறி உட்காரத்தான் அவர்களுக்கு ஆசை வரும்.

எலெக்ட்ரிக் வண்டிக்கும் இதே முறைதானா?

முறை இதேதான், இடம்தான் இன்னும் கண்டிப்பு. நெக்ஸான் இவி மாதிரி வண்டிகளில் தரைக்கு அடியில் முழுக்க பேட்டரி. ஜாக்கியின் தலை குறியை விட்டு உள்ளே தள்ளிப் பேட்டரிப் பெட்டியில் பட்டால் செலவு காரின் விலையில் கணக்குப் போடுகிற செலவு. எலெக்ட்ரிக் வண்டிகளில் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பேட் சீக்கிரம் தேயாது, மாறாகத் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், அதாவது இழுப்பும் தட்டலும் அதிகம். பட்டன் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டி என்றால், எலெக்ட்ரிக்கோ பெட்ரோலோ, பின் பேட்டைத் தொடுவதற்கு முன் அதைச் சர்வீஸ் நிலைக்கு (அதன் மோட்டார் பேட்டை விட்டுவிடும் நிலை) கொண்டுபோக வேண்டும், அதற்கான வழியோ கருவியோ இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

இறக்கும்போது எதை முதல்ல எடுக்கணும்?

டயரை மாட்டி, நட்டுகளைக் கையால் முறுக்கி, ஸ்பேனரால் லேசாக இறுக்கிக்கொள்ளுங்கள். அடியில் போட்ட டயர்தானே இது என்பதால் அது ஏற்கெனவே வெளியே வந்திருக்கும், ஸ்பேனரோ துணியோ உள்ளே மறந்து கிடக்கிறதா என்று ஒரு பார்வை. ஜாக்கியில் அரை அங்குலம் தூக்கி ஸ்டாண்டை உருவுங்கள், கொக்கியைக் கைப்பிடியால் விடுவிக்க வேண்டும், கையை மேலே கொண்டுபோகக் கூடாது. பிறகு ஜாக்கியின் வால்வை இடப்பக்கமாகத் துளித் துளியாகத் திருப்புங்கள், ஒரேயடியாகத் திருப்பினால் வண்டி தொப்பென்று உட்காரும். தரையில் இறங்கிய பிறகுதான் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முழுசாக இறுக்க வேண்டும். சின்னக் கார்களுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும், சரியான எண் கையேட்டில். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

கட்டையை இன்னும் எடுக்காதீர்கள். முதலில் ஏறி உட்கார்ந்து பிரேக் பெடலை மிதியுங்கள். புது பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்போம், அதனால் முதல் சில மிதி தரைவரை போகும், பிரேக்கே இருக்காது. பெடல் கெட்டியாகும்வரை மிதித்துவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, அப்புறம் கட்டையை எடுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் வேலை முடிந்த சந்தோஷத்தில் இதை மறந்து ரிவர்ஸ் எடுத்து எதிர்வீட்டுக் கேட்டில் போய் நின்றார்.

ஜாக்கி நழுவுற மாதிரி தெரிஞ்சா சட்டுனு புடிச்சுக்கலாமா?

பிடிக்க நினைக்கவே கூடாது. 900 கிலோவை நீங்கள் பிடிக்கப் போவதில்லை. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நகருங்கள், வண்டி விழுந்தால் விழுந்துவிட்டுப் போகட்டும். அதற்காகவே வேலை செய்யும்போது முதுகுக்குப் பின்னால் சுவரோ இன்னொரு வண்டியோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வீட்டில் யாராவது இருக்கும் நேரத்தில் ஆரம்பியுங்கள்.

எப்ப பேசாம பட்டறையில விட்டுடலாம்?

குறிக்கு நடுவில் உள்ள தகடே துருப்பிடித்து விரலால் அழுத்தினால் உதிர்கிறது என்றால் (கடற்கரை ஊர்களில் பழைய வண்டிகளுக்கு இது சகஜம்), மட்டமான தரை கிடைக்கவில்லை என்றால், நட்டின் முனை மழுங்கிவிட்டது என்றால், பிரேக் ஆயில் குழாய் கசிகிறது என்றால் விட்டுவிடுங்கள். குழாய் கசிந்தால் ஓட்டிக்கொண்டும் போகாமல் ஆளை வரச் சொல்லுங்கள்.

பட்டறையிலும் வெறும் ஜாக்கியில் நிறுத்திவிட்டு உள்ளே கை விடுபவர்கள் இருக்கிறார்கள். போன வருடம் வெளியூரில் ஒரு சின்னப் பட்டறையில் ஸ்டாண்டு வைத்துக்கொள்ளுங்களேன் தம்பி என்று சொன்னேன். பையன் சிரித்தான், உள்ளே இருந்த பெரியவர் சிரிக்கவில்லை, தூசி படிந்த ஒரு ஜோடியை எடுத்துவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.